ஹூ, ஹூம், ஹூஸ்: ஆளை ஆளாகச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்



ஆங்கிலத்தில் ஓர் ஆளைப் பற்றி எழுத உட்காரும்போது நம் பிள்ளைகளின் பென்சில் அடிக்கடி நின்றுவிடுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே நிற்பது கடினமான நீண்ட சொல் அல்ல. ஹூ, ஹூம், ஹூஸ், விச், தட் என்னும் சின்னஞ்சிறு சொற்கள்தாம். மூன்றெழுத்து முதல் ஐந்தெழுத்து வரை உள்ள இந்தச் சொற்களில் எதை எங்கே போடுவது என்பதுதான் இன்றைய நம் பேச்சு.

இதைப் பள்ளிப் பிள்ளைகளின் பாடம் என்று பெரியவர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். தோட்டத்து அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம், வேலைக்கு ஒரு மனு, விபத்தைப் பற்றிய ஓர் அறிக்கை ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுத நேரும்போது, இன்னார் என்று ஓர் ஆளை அடையாளம் காட்டுவதே அதில் பாதி வேலை. அடிபட்டவர் யார், பார்த்தவர் யார், யாருடைய பிள்ளை என்பவற்றை இந்தச் சிறு சொற்களே தாங்கி நிற்கின்றன. இவை இடம் மாறினால் பொருளும் மாறிவிடும்.

முதலில் நமக்குத் தெரிந்த தமிழிலிருந்து தொடங்குவோம். வந்த ஆசிரியர், வந்த பஸ், வந்த மாடு என்று சொல்கிறோம். மூன்றிலும் "வந்த" என்ற சொல் ஒன்றே. இதைத் தமிழ் இலக்கணத்தில் பெயரெச்சம் என்பார்கள். வந்தது ஆளா, வண்டியா, மாடா என்று பெயரெச்சம் பார்ப்பதில்லை. தேசிய மொழியிலும் அப்படித்தான். வந்த ஆளை "ஓராங் யாங் டாத்தாங்" என்கிறோம். வந்த பஸ்ஸை "பஸ் யாங் டாத்தாங்" என்கிறோம். ஆளுக்கும் பொருளுக்கும் ஒரே "யாங்".

ஆங்கிலம் இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. வந்த ஆசிரியர் என்றால் "தி டீச்சர் ஹூ கேம்". வந்த பஸ் என்றால் "தி பஸ் விச் கேம்". ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச். தமிழும் மலாயும் பழகிய நம் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவது இயல்பே. அவர்கள் தடுமாறுவது அறிவுக் குறைவால் அல்ல. அவர்கள் அறிந்த இரண்டு மொழிகளும் கேட்காத ஒரு கேள்வியை மூன்றாவது மொழி கேட்கிறது.

ஆனால் இந்தக் கேள்வி தமிழனுக்குப் புதியதும் அல்ல. சொற்களை உயர்திணை, அஃறிணை என்று இரண்டாகப் பிரிப்பதோடுதான் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடங்குகிறது. ஆசிரியர் வந்தார், பஸ் வந்தது என்று வினைமுற்றில் நாம் திணையைக் காட்டிவிடுகிறோம். பெயரெச்சத்தில் காட்டுவதில்லை. ஆங்கிலமோ வினைமுற்றில் காட்டாது; ஆசிரியருக்கும் "கேம்", பஸ்ஸுக்கும் "கேம்". அதற்கு ஈடாக இந்தச் சிறு சொல்லில் திணையைக் காட்டுகிறது. ஆகவே பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லிக் கொடுக்கலாம்: தமிழில் "வந்தார்" என்று வரும் இடம் என்றால் ஹூ, "வந்தது" என்று வரும் இடம் என்றால் விச்.

இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் வைக்க வேண்டும். தமிழில் விவரம் முன்னே வரும், ஆள் பின்னே வருவார்: "நேற்று வந்த ஆசிரியர்". ஆங்கிலத்தில் ஆள் முன்னே, பிறகு சிறு சொல், அதன் பின் விவரம்: "தி டீச்சர் ஹூ கேம் யெஸ்டர்டே". ரயிலில் இரண்டு பெட்டிகளைக் கோத்துவைக்கும் கொக்கியைப் பார்த்திருப்பீர்கள். ஹூ என்பது அப்படி ஒரு கொக்கி. ஆளை எழுதியவுடன் கொக்கியை மாட்ட வேண்டும். இடையில் வேறு சொற்களைச் செருகினால் கொக்கி வேறு பெட்டியில் மாட்டிக்கொள்ளும்.

கொக்கி மாட்டிய பிறகு, அதே ஆளை மறுபடியும் சொல்லக்கூடாது. "தி மேன் ஹூ ஹி கேம்" என்று சிலர் எழுதுகிறார்கள். ஹூ என்ற சொல்லே அந்த ஆளுக்காக நிற்கிறது. அதன் பக்கத்தில் இன்னொரு "ஹி" எதற்கு? ஒரு நாற்காலியில் இருவரை உட்கார வைத்தது போலாகும். "தி மேன் ஹூ கேம்" என்றாலே போதும்.

இங்கே சில பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள். "விச் பாய்?" என்று ஆசிரியர் கேட்கிறாரே, பையன் ஆள்தானே, அவனுக்கு விச் வரலாமா என்பார்கள். நல்ல கேள்வி. "எந்தப் பையன்?" என்று பலரில் ஒருவரைப் பிரித்துக் கேட்கும்போது விச் வரலாம். அது வினாச்சொல். ஆனால் பையனைச் சொல்லிவிட்டு அவனைப் பற்றிய விவரத்தைக் கோக்கும்போது "தி பாய் விச்" என்று எழுதுவது இக்கால ஆங்கிலத்தில் பிழை. அங்கே "தி பாய் ஹூ" என்றே வரவேண்டும்.

இக்கால ஆங்கிலத்தில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், பரமண்டலத்திலுள்ள தந்தையை நோக்கிச் சொல்லும் செபத்திலேயே விச் என்ற சொல்தான் இருக்கிறது. அந்நாளில் ஆளுக்கும் விச் எழுதினார்கள். பழைய நூலில் அதைக் கண்டால் பிழை என்று எண்ண வேண்டாம். மொழி மாறியிருக்கிறது, நாம் இன்றைய வழக்கைப் பின்பற்றுகிறோம்.

சரி, தட் என்ற சொல்லை என்ன செய்வது? "தி மேன் தட் கேம்" என்று எழுதினால் தவறு என்று பலர் எண்ணுகிறார்கள். தவறு இல்லை. ஆளுக்கும் பொருளுக்கும் பொதுவாக வரக்கூடிய சொல் அது. நம் மலாய் "யாங்" போல. இந்தத் தகராறு பழையது. 1711ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், லண்டனில் வெளிவந்த "ஸ்பெக்டேட்டர்" இதழில் ரிச்சர்ட் ஸ்டீல் என்ற எழுத்தாளர் வேடிக்கையாக ஒரு மனுவை வெளியிட்டார். மனு போட்டவர்கள் வேறு யாரும் அல்லர். ஹூ, விச் என்ற இரண்டு சொற்கள்தாம்! தட் வந்து எங்கள் இடத்தைப் பறித்துக்கொண்டது என்று அவை முறையிட்டன. உண்மையில் இந்த வேலையில் தட் என்பதே மூத்த சொல். ஹூ அதற்குப் பின்னால் வந்தது.

எனவே பேச்சில் தட் வந்தால் திருத்த வேண்டாம். ஆனால் விண்ணப்பத்திலும் மனுவிலும் ஆளைக் குறிக்க ஹூ எழுதுவதே சிறப்பு. அதற்கு நமக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. தோட்டங்களை வெள்ளைக்காரத் துரைமார் நடத்திய காலத்தில், ஆங்கிலக் கணக்குகளில் தொழிலாளரைக் "கூலி" என்றும் "ஹேண்ட்" என்றும் எழுதினார்கள். ஹேண்ட் என்றால் கை. ஆள் வேலைக்கு வந்ததாக எழுதவில்லை. கை வந்ததாக எழுதினார்கள். அதே மொழியில் நம்மைப் பற்றி நாமே எழுதும் காலம் இது. நம் அப்பாவை, அம்மாவை, பக்கத்து வீட்டுக்காரரை எழுதும்போது அவர்களை ஆட்களாகவே எழுதுவோம்.

ஆட்கள் பலர் சேர்ந்த கூட்டத்துக்கு எதைப் போடுவது? தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் அமைந்தது. சங்கம் என்பது ஓர் அமைப்பு. ஆகவே "தி யூனியன் விச் வாஸ் ஃபார்ம்ட் இன் 1954" என்று எழுதுவோம். சங்கத்தின் உறுப்பினர்களோ ஆட்கள். ஆகவே "தி மெம்பர்ஸ் ஹூ". கமிட்டி, பள்ளிக்கூடம், கம்பெனி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு: அமைப்புக்கு விச், அதில் உள்ளவர்களுக்கு ஹூ.

இனி அடுத்த படி. ஆள் என்று தெரிந்துவிட்டது. ஹூ போடுவதா, ஹூம் போடுவதா? இதற்கு ஒரு கேள்வி போதும்: அந்த ஆள் செய்தவரா, அவருக்கு ஒன்று செய்யப்பட்டதா?

தமிழில் "மாமா திட்டிய பையன்" என்கிறோம். மாமா பையனைத் திட்டினாரா, பையன் மாமாவைத் திட்டினானா? வழக்கத்தால் மாமாதான் திட்டியிருப்பார் என்று எடுத்துக்கொள்கிறோம். "புலி கொன்ற யானை" என்று பழைய உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுத் தருவார்கள். கொன்றது எது, செத்தது எது என்று தனியே பார்த்தால் தெரியாது. "புலியைக் கொன்ற யானை" என்று "ஐ" சேர்த்தால்தான் ஐயம் நீங்கும்.

ஆங்கிலத்தில் சொல் வரிசையும் ஹூ, ஹூம் என்ற வேறுபாடும் இந்த வேலையைச் செய்கின்றன. எளிய சோதனை ஒன்று சொல்கிறோம். விவரத்தைத் தனி வாக்கியமாகத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அதில் "அவர்" வந்தால் ஹூ. "அவரை", "அவருக்கு", "அவரிடம்" என்று வந்தால் ஹூம்.

எடுத்துக்காட்டாக, எனக்கு உதவிய கிராணி. தனி வாக்கியமாகச் சொன்னால்: அவர் எனக்கு உதவினார். "அவர்" வந்தது. ஆகவே "தி கிளார்க் ஹூ ஹெல்ப்ட் மீ". அடுத்து, நான் பார்த்த கிராணி. நான் அவரைப் பார்த்தேன். "அவரை" வந்தது. ஆகவே "தி கிளார்க் ஹூம் ஐ மெட்". மூன்றாவது, நான் கடிதம் கொடுத்த கிராணி. நான் அவரிடம் கொடுத்தேன். ஆகவே "தி கிளார்க் டு ஹூம் ஐ கேவ் தி லெட்டர்".

பேச்சு வழக்கில் இங்கிலாந்துக்காரரே ஹூம் வரவேண்டிய இடத்தில் ஹூ என்று சொல்லிவிடுவதுண்டு. "தி கிளார்க் ஐ மெட்" என்று சொல்லையே விட்டுவிடுவதும் உண்டு, அதுவும் சரியே. ஆனால் டு, ஃபார், வித், ஃபிரம் போன்ற சொற்களுக்கு அடுத்தபடியாக வரும்போது எழுத்தில் ஹூம்தான் வேண்டும். "டு ஹூம்", "ஃபார் ஹூம்", "வித் ஹூம்" என்று பிள்ளைகள் சேர்த்தே மனனம் செய்துகொள்ளட்டும். மாறாக, உதவிய ஆளுக்கு "ஹூம் ஹெல்ப்ட் மீ" என்று எழுதினால் அது எங்கும் ஒத்துக்கொள்ளப்படாது. ஹூம் என்பது மரியாதையான சொல் என்று நினைத்துச் சிலர் அப்படி எழுதுகிறார்கள். மரியாதை வேறு, வேற்றுமை வேறு.

ஹூவுக்குப் பின்னால் வரும் வினைச்சொல்லையும் கவனிக்க வேண்டும். ஒருவருக்கும் பலருக்கும் ஹூ ஒன்றே. ஆனால் வினை மாறும். பால்மரம் வெட்டும் ஒரு தொழிலாளி "தி வொர்க்கர் ஹூ டேப்ஸ்". பலர் என்றால் "தி வொர்க்கர்ஸ் ஹூ டேப்". ஹூவைப் பார்த்து வினையை எழுதக்கூடாது. ஹூவுக்கு முன்னால் நிற்கும் ஆளைப் பார்த்து எழுத வேண்டும்.

மூன்றாவது சொல் ஹூஸ். "யாருடைய" என்ற உறவைக் காட்டுவது இது. அப்பா செம்பனைக் குலை அறுக்கும் ஒரு பையன் என்று சொல்ல வேண்டும். "தி பாய் ஹூஸ் ஃபாதர் கட்ஸ் தி ஃப்ரூட்". இதில் குலை அறுப்பவர் அப்பா, பையன் அல்ல. ஹூஸ் என்பதை விட்டு ஹூ என்று எழுதினால் பையனே தோட்டத்தில் வேலை செய்வதாகப் பொருள் வந்துவிடும். பள்ளிக்குப் போகும் பையனை வேலைக்காரனாக்கிவிட்டோம்!

விபத்து அறிக்கைகளில் இந்தச் சொல் இன்னும் முக்கியம். வேலை செய்யும்போது காயம்பட்டவர்களுக்காக 1969ஆம் ஆண்டில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சொக்சோ என்று நாம் சொல்லும் நிறுவனம் அதன்படி அமைந்தது. விபத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். "தி மேன் ஹூஸ் பிரதர் வாஸ் இஞ்சர்ட்" என்றால் காயம் தம்பிக்கோ அண்ணனுக்கோ. அந்த ஆளுக்கு அல்ல. "தி மேன் ஹூ வாஸ் இஞ்சர்ட்" என்றால் காயம் அவருக்கே. ஹூஸ் என்ற சொல்லும் அதை அடுத்த உறவுச் சொல்லும் இருக்கின்றனவா, இல்லையா என்பதில் காயம்பட்டவரே மாறிவிடுகிறார். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியை ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஹூஸ் எழுதுவதில் ஓர் எழுத்துப் பிழையும் வரும். டபிள்யு, ஏச், ஓ, எஸ், இ என்று ஐந்தெழுத்தாக எழுதினால் "யாருடைய". டபிள்யு, ஏச், ஓ எழுதி, மேலே ஒரு சிறு கொம்பு வைத்து எஸ் எழுதினால் அது "ஹூ இஸ்" என்பதன் சுருக்கம். இரண்டுக்கும் ஒலி ஒன்றே. ஐயம் வந்தால் "ஹூ இஸ்" என்று விரித்துப் படித்துப் பாருங்கள். பொருள் பொருந்தாவிட்டால் ஐந்தெழுத்துச் சொல்லை எழுதுங்கள்.

கடைசியாக, சொல்லே அல்லாத ஒன்று. ஹூவுக்கு முன்னால் வரும் காற்புள்ளி. இதைக் கமா என்கிறோம். பார்க்கச் சிறியது, செய்யும் வேலை பெரியது.

ஒரு தோட்டத்தில் 40 வீடுகள் இருப்பதாகவும் அவற்றில் 12 வீடுகளுக்குத் தண்ணீர் வரவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். மனுவில் "தி ஃபேமிலிஸ் ஹூ ஹேவ் நோ வாட்டர் நீட் ஹெல்ப்" என்று கமா இல்லாமல் எழுதினால், தண்ணீர் இல்லாத குடும்பங்களுக்கு மட்டும் உதவி தேவை என்று பொருள். அது 12 குடும்பங்கள். அதே வரியில் ஹூவுக்கு முன்னால் ஒரு கமாவும் வாட்டருக்குப் பின்னால் ஒரு கமாவும் வைத்தால், குடும்பங்கள் அனைத்துக்கும் தண்ணீர் இல்லை, அனைவருக்கும் உதவி தேவை என்று பொருள். அது 40 குடும்பங்கள். சொல் ஒன்றும் மாறவில்லை. புள்ளி இரண்டு மாறின. 28 குடும்பங்கள் மனுவுக்குள் வந்தன, அல்லது வெளியே போயின.

தமிழில் இந்த வேறுபாட்டை "மட்டும்", "எல்லாம்" என்ற சொற்களால் காட்டுகிறோம். ஆங்கிலத்தில் கமாவால் காட்டுகிறார்கள். வாயால் சொல்லும்போது அந்த இடத்தில் சற்று நிறுத்திச் சொல்வார்கள். சட்டம் தெரிந்தவர்கள் இதை நன்றாகக் கவனிப்பார்கள். நாமும் கவனிக்க வேண்டும்.

வீட்டு எடுத்துக்காட்டு ஒன்று பார்ப்போம். "ஈப்போவில் வேலை செய்யும் என் அண்ணன்" என்று எழுத வேண்டும். அண்ணன்மார் மூவர் இருந்து, அவர்களில் ஈப்போ அண்ணனைப் பிரித்துச் சொல்கிறோம் என்றால் கமா வேண்டாம். அண்ணன் ஒரே ஒருவர்தான் என்றால் கமா வைக்க வேண்டும். யார் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது, ஈப்போ என்பது கூடுதல் செய்தி. ஆளை அடையாளம் காட்ட விவரம் தேவை என்றால் கமா இல்லை. அடையாளம் முன்பே தெரிந்து, விவரம் கூடுதல் என்றால் கமா உண்டு. கமா வைத்த இடத்தில் தட் வரவே கூடாது. அங்கே ஹூ மட்டுமே.

நேயர்களே, இதுவரை சொன்னவற்றை நான்கு கேள்விகளாகச் சுருக்கித் தருகிறோம். பிள்ளைகள் இவற்றை நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். ஒன்று: நாம் சொல்வது ஆளா, பொருளா? ஆள் என்றால் ஹூ, பொருள் என்றால் விச். இரண்டு: ஆள் என்றால் "அவர்" வருகிறதா, "அவரை" வருகிறதா? "அவர்" என்றால் ஹூ, "அவரை" என்றால் ஹூம். மூன்று: "அவருடைய" என்ற உறவு இருக்கிறதா? இருந்தால் ஹூஸ். நான்கு: விவரம் ஆளைப் பிரித்துக் காட்டுகிறதா, கூடுதலாக வருகிறதா? கூடுதல் என்றால் கமா.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் போதும். வீட்டில் இருப்பவர் ஒவ்வொருவரைப் பற்றியும் பிள்ளை ஒரு வரி எழுதட்டும். சமைக்கும் அம்மா, பல ஆண்டுகள் பால்மரம் வெட்டிய பாட்டி, எல்லாருக்கும் பிடித்த தம்பி. பாட்டியைப் பற்றி எழுதும் வரியை எப்படி எழுதுவது? "மை கிராண்ட்மதர், ஹூ டேப்ட் ரப்பர் ஃபார் மெனி இயர்ஸ், லிவ்ஸ் வித் அஸ்". வீட்டில் பாட்டி ஒருவரே. ஆகவே கமா இரண்டு, ஆகவே ஹூ. ஆங்கிலம் படிக்காத பெற்றோரும் இதில் உதவலாம். "அவரா, அவரையா, அவருடையவா?" என்று தமிழில் கேட்டால் போதும். விடை பிள்ளையின் வாயிலிருந்து வந்துவிடும்.

ஆங்கிலம் நம் வீட்டு மொழி அல்ல. ஆனால் அதில் நம்மைப் பற்றிய காகிதங்கள் எழுதப்படுகின்றன. அந்தக் காகிதத்தில் நம்மவர் யார், செய்தவரா, செய்யப்பட்டவரா, எத்தனை பேர் என்பதை நம் பிள்ளைகளே பிழையில்லாமல் எழுதட்டும். அதற்கு வேண்டிய தமிழ் அவர்களிடம் முன்பே இருக்கிறது.